கார் ஆம்ப் பாடலயா? கழட்டறதுக்கு முன்னாடி இதப் படிங்க: அடிக்கடி கேக்கற கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு நம்ம பக்கம் கார்ல ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) செட்டும் அதுக்கு சவுண்ட ஏத்தற ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) போட்டவங்க கேக்கறது சுத்தி சுத்தி ஒரே கேள்விங்கதான், அதான் மொத்தமா ஒரே எடத்துல எழுதிட்டேன். மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். "ஆம்ப் செத்துப்போச்சு"ன்னு கழட்டி எடுத்துக்கினு வர்றதுல நெறைய ஆம்ப், டேபிள் மேல வச்சு 12 வோல்ட் குடுத்தா ஜம்முனு பாடும். கோளாறு கார்லதான் இருக்கும், வயர்ல, எர்த்ல (கார் பாடியில கட்டற மைனஸ் வயர்), ப்யூஸ் ஹோல்டர்ல. அதனால கீழ எல்லா பதிலும் வெளியில இருந்து உள்ள போற மாதிரிதான் இருக்கும். கையில ஒரு மல்டிமீட்டர் வேணும், சாதா மீட்டரே போதும்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னிக்கு ஆம்ப்ல லைட்டே எரியல. எங்க ஆரம்பிக்கறது?

ஆம்ப்ல மூணு பவர் டெர்மினல் இருக்கும்: பேட்டரி பிளஸ், எர்த், நடுவுல ரிமோட் (ஸ்டீரியோ ஆன் ஆனா ஆம்ப்பையும் ஆன் பண்ணற சின்ன வயர்). மீட்டர டிசி 20 வோல்ட்ல வச்சு, கருப்பு முனைய ஆம்ப்போட எர்த் டெர்மினல்லயே வைங்க, கார் பாடியில வைக்காதீங்க, ஏன்னா எர்த்தே போயிருந்தா பாடியில வச்சு பாத்தா உங்களுக்குத் தெரியாது. சிவப்பு முனைய பிளஸ்ல வச்சா இஞ்சின் ஆஃப்ல 12.6 வாக்குல வரணும், இஞ்சின் ஓடறப்ப 13.8ல இருந்து 14.4 வரைக்கும் வரணும். அப்புறம் ஸ்டீரியோவ ஆன் பண்ணிட்டு ரிமோட்ல வச்சு பாருங்க, அங்கயும் கிட்டத்தட்ட 12 வரணும்.

பிளஸ்ல ஒண்ணுமே வரலன்னா கருப்பு முனைய மட்டும் பாடியில மாத்தி வச்சு பாருங்க. இப்ப 12 காட்டுச்சுன்னா எர்த் வயர் அவுந்திருக்கு. அப்பவும் வரலன்னா பேட்டரி பக்கத்துல இருக்கற மெயின் ப்யூஸ். அந்த ப்யூஸ கண்ணால பாத்து நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு பக்கமும் மீட்டர் வச்சு பாருங்க. கண்ணாடி உருளை மாதிரி வர்ற ப்யூஸ் ஹோல்டர்ல ப்யூஸ் நல்லாவே இருக்கும், ஆனா ஹோல்டர் சூடாகி உள்ள கருகி கான்டாக்ட் விட்டிருக்கும், இத நெறைய பேரு கவனிக்கறதில்ல. தட்டையா ரெண்டு நட்டு போட்டு டைட் பண்ற ப்யூஸ் வாங்கிப் போட்டா அந்த தலைவலி இல்ல.

மூணுலயும் கரண்ட் சரியா வந்தும் லைட் எரியல, ஆம்ப் மேல இருக்கற ப்யூஸும் நல்லா இருக்குன்னா அப்ப ஆம்ப் உள்ளதான் கோளாறு. அதுவரைக்கும் ஸ்குரூ டிரைவர எடுக்காதீங்க.

ரிமோட்ல மட்டும் வோல்ட் வரல அண்ணா, ஸ்டீரியோ நல்லாத்தான் இருக்கு.

வெளியில வாங்கிப் போட்ட ஸ்டீரியோன்னா நீலத்துல வெள்ளைக் கோடு போட்ட வயர்தான் பெரும்பாலும் ரிமோட். வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு, சில செட்ல ரேடியோ போட்டா மட்டும்தான் அதுல கரண்ட் வரும், அதுல மாட்டிட்டு "எஃப்எம்ல ஊஃபர் அடிக்குது, புளூடூத்ல அடிக்கல"ன்னு வருவாங்க. சோதிச்சுப் பாக்க ஒரு சின்ன வயர ஆம்ப்போட பிளஸ்ல இருந்து ரிமோட்டுக்கு ஒரு செகண்டு தொட்டுப் பாருங்க, ஆம்ப் ஆன் ஆச்சுன்னா ஆம்ப் நல்லா இருக்கு, கோளாறு ரிமோட் வயர்லயோ ஸ்டீரியோ பக்கமோதான்.

அப்படியே நேரா பிளஸ்ல கட்டி வுட்டுடாதீங்க, ராத்திரி பூரா ஆம்ப் ஆன்ல இருந்து காலையில பேட்டரி எறங்கிப் போயிருக்கும். சாவி ஆன்ல வர்ற லைன்ல கட்டினாலும் ஆன் பண்ணறப்ப ஆஃப் பண்ணறப்ப "டொப்பு"ன்னு ஊஃபர் அடிக்கும். ரெண்டு மூணு ஆம்ப் இருந்தா ஸ்டீரியோ ரிமோட்ல எல்லாத்தையும் கட்டாம நடுவுல ஒரு ரிலே (கொஞ்ச கரண்ட்லயே ஆன் ஆகற சுவிட்ச்) போடுங்க, அந்த வயர் ரொம்ப கொஞ்சம் கரண்ட்தான் தாங்கும்.

சிவப்பு லைட் எரியுது. புரொடெக்ட்னு எழுதியிருக்கு. ஆம்ப் போச்சா?

போச்சுன்னு அர்த்தம் இல்ல, "ஏதோ தப்பா இருக்கு, நான் பாட மாட்டேன்"னு அது சொல்லுது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பொறுமையா பண்ணுங்க. ஸ்டீரியோ ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் வயர் எல்லாத்தையும் ஆம்ப்ல இருந்து கழட்டுங்க, ஆர்சிஏ பின்னையும் (ஸ்டீரியோல இருந்து பாட்டு வர்ற கேபிள்) புடுங்குங்க. பிளஸ், எர்த், ரிமோட் மூணு மட்டும். இப்ப ஆன் பண்ணுங்க.

பச்சையோ நீலமோ வந்துச்சுன்னா ஆம்ப் பொழச்சுது. ஆஃப் பண்ணி ஸ்பீக்கர ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க, எத மாட்டினா சிவப்பு வருதோ அந்த லைன்ல ஷார்ட். கதவு ரப்பர் வழியா போற எடத்துல வயர் நசுங்கி இருக்கும், இல்ல டிக்கியில பாக்ஸ் நகந்து வயர அறுத்திருக்கும். ஸ்பீக்கர் வயர ஆம்ப் பக்கம் கழட்டி வச்சு ஒவ்வொரு முனைக்கும் கார் பாடிக்கும் நடுவுல ஓம்ஸ் (மின்தடை) பாருங்க, எதுவுமே காட்டக் கூடாது. ஏதாவது காட்டினா அந்த வயர் பாடியில ஒட்டுது.

எல்லாம் கழட்டியும் சிவப்புதான்னா, எர்த்த இன்னொரு தடவ பாத்துட்டு, அப்பவும் மாறலன்னா உள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம். அது பெஞ்ச் வேலை, ரிப்பேர் கடையில பாக்கறது.

ப்யூஸ் மாத்த மாத்த போயிட்டே இருக்கு. கொஞ்சம் பெரிய ப்யூஸ் போடலாமா?

போடவே கூடாது. ப்யூஸ் இருக்கறது வயர் தீப்பிடிக்காம இருக்கத்தான். 30 ஆம்பியர் போற எடத்துல 80 போட்டா அடுத்தது போறது ப்யூஸ் இல்ல, கார்பெட்டுக்கு அடியில ஓடற வயர். ப்யூஸுக்கு பதிலா கம்பி சுத்தி வச்ச வண்டிங்க இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, அதப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்கும். மெயின் ப்யூஸ் பேட்டரில இருந்து முக்கால் அடி, ஒண்ணரை அடிக்குள்ள இருக்கணும், டிக்கியில ஆம்ப் பக்கத்துல வச்சா நடுவுல இருக்கற வயருக்கு காவலே இல்ல.

எப்ப போகுதுன்னு கவனிங்க, அதுலயே பாதி விஷயம் தெரிஞ்சிடும். ரிமோட் குடுக்காம பிளஸ் மட்டும் மாட்டினதும் போகுதுன்னா பவர் சப்ளை மாஸ்ஃபெட் (கரண்ட்ட சுவிட்ச் பண்ணற டிரான்சிஸ்டர்) ஷார்ட், இல்லன்னா யாரோ பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்து பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆயிருக்கு. ரிமோட் குடுத்ததும் போகுதுன்னா கோளாறு பவர் சப்ளை பக்கமோ அவுட்புட் பக்கமோ. பாட்டு சத்தமா வச்சா மட்டும் போகுதுன்னா ஸ்பீக்கர ஆம்ப் தாங்கறத விட கம்மி ஓம்ஸ்ல கட்டியிருக்கீங்க, இல்ல ப்யூஸே டூப்ளிகேட்.

ப்யூஸ வீணாக்காம சோதிக்க, வீட்டு எலக்ட்ரீஷியன் சீரிஸ் லாம்ப் போடுவாரு இல்ல, அதேதான் இங்கயும். ப்யூஸ் இருக்கற எடத்துல 21 வாட் பிரேக் லைட் பல்ப சீரிஸ்ல போடுங்க. ஷார்ட் இருந்தா பல்ப் முழு வெளிச்சத்துல எரியும், ஆம்ப்புக்கு ஒண்ணும் ஆகாது. லேசா மின்னி அணைஞ்சா கெப்பாசிட்டர் சார்ஜ் ஆச்சு, பெரிய ஷார்ட் இல்லன்னு அர்த்தம்.

ஆக்சிலேட்டர் மிதிச்சா கூடவே "உய்ய்ய்"னு சத்தம் ஏறுது. ஆம்ப் மாத்தணுமா?

ஆம்ப் மாத்தி இந்த சத்தம் போனது அபூர்வம். ஆல்டர்னேட்டர்ல இருந்து வர்ற சத்தம் அது, ஸ்டீரியோவுக்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு ஒரு எர்த், ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் இருந்தா அது ஆர்சிஏ வயர் வழியா பாட்டுக்குள்ள பூந்துக்கும்.

ஆம்ப்ல ஆர்சிஏவ புடுங்கிட்டு இஞ்சின ஓட்டி கேளுங்க. சத்தம் நின்னுச்சுன்னா அது முன்னாடி பக்கத்துல இருந்துதான் வருது. அடுத்து ஃபோன ஒரு ஆர்சிஏ கேபிள்ல நேரா ஆம்ப்ல மாட்டுங்க, ஃபோன் சார்ஜ்ல இருக்கக் கூடாது, சார்ஜர் போட்டாலே தனியா ஒரு உய் வரும். ஃபோன்ல சுத்தமா பாடுச்சுன்னா கோளாறு ஸ்டீரியோ எர்த்ல, இல்ல ஸ்டீரியோ பின்னாடி ஆர்சிஏ எர்த் உள்ள அறுந்திருக்கு. ஆன்ல இருக்கறப்பவே ஆர்சிஏவ புடுங்கி மாட்டி பண்ணினா அப்படி ஆகும், அதனால எப்பவும் ஆஃப் பண்ணிட்டு கை வைங்க.

எர்த் எப்படி இருக்கணும்னா: ஆம்ப்ல இருந்து ஒண்ணரை அடிக்குள்ள, பிளஸ் வயர் எவ்ளோ தடிமனோ அதே தடிமன், பெயின்ட்ட சுரண்டி பளபளன்னு இரும்பு தெரியற எடத்துல லக் (வயர் முனையில போடற வளையம்) போட்டு போல்ட்டுல டைட். சீட் போல்ட்டுல, பிளாஸ்டிக் கிளிப் ஸ்குரூவுல கட்டற எர்த் கொஞ்ச நாள்ல துருப்புடிச்சு ஆட்டம் காட்டும். பிளஸ் வயர ஒரு பக்க கதவுப்படி ஓரமாவும் ஆர்சிஏவ எதிர்ப்பக்கமாவும் கொண்டுபோங்க. சத்தத்துக்குன்னு விக்கற ஃபில்டர் டப்பாவ கடைசியா யோசிங்க, அது நோய மறைக்கும்.

மத்தியானம் மட்டும் ஆம்ப் கட் ஆகுது, சாயங்காலம் நல்லா பாடுது. ஏன்?

நம்ம ஊரு வெயில்தான். மே மாசம் அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல 40 டிகிரி தாண்டறது சாதாரணம், கோட்டை பக்கத்துல வெயில்ல நிறுத்தின காரோட டிக்கி அதவிட கொதிக்கும். ஆம்ப்போட அலுமினிய பாடி 80, 90 டிகிரிய தொட்டா உள்ள இருக்கற சென்சார் நிறுத்திடும், ஆறினதும் தானா வரும். வண்டி எடுத்ததும் ஃபுல் சவுண்ட் வைக்காதீங்க, ஏசி ஓடி உள்ள கொஞ்சம் ஆறட்டும். ஆம்ப்ப சீட்டுக்கு அடியில கார்பெட் சுத்தி வைக்கறது, தலைகீழா மாட்டறது, ஊஃபர் பாக்ஸ் மேலயே ஸ்குரூ பண்றது மூணும் தப்பு. பாக்ஸ் மேல மாட்டினா சூடு மட்டும் இல்ல, அதிர்வுல உள்ள சோல்டர் விட்டுப் போகும், அப்புறம் ஏலகிரி ஏறறப்ப ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் பாட்டு விட்டு விட்டு வரும்.

நல்ல காத்தோட்டத்துல இருந்தும் மிதமான சவுண்டுலயே சூடாகுதுன்னா ஸ்பீக்கர கம்மி ஓம்ஸ்ல கட்டியிருக்கான்னு பாருங்க.

பேஸ் அடிக்கறப்பல்லாம் ஹெட்லைட் மங்குது, அப்பால ஆம்ப் ஆஃப் ஆயி திரும்ப வருது.

வோல்ட் விழுது. பாட்டு சத்தமா ஓடறப்ப ஆம்ப் டெர்மினல்ல மீட்டர் வைங்க, 11க்கு கீழ போனா நெறைய ஆம்ப் நின்னுடும். அதே நேரம் பேட்டரி மேலயும் பாருங்க. பேட்டரில 13.5, ஆம்ப்ல 11ன்னா நடுவுல இருக்கற வயர் தின்னுது. பேட்டரியிலயே 11ன்னா பேட்டரி வயசாயிடுச்சு இல்ல ஆல்டர்னேட்டர் பத்தல. எர்த்த தனியா பாக்க ஒரு முனைய ஆம்ப் எர்த்லயும் இன்னொன்ன பேட்டரி மைனஸ்லயும் வைங்க, அர வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது.

இங்க ஒரு ஏமாத்து இருக்கு. கிட்டுன்னு விக்கற வயர்ல நெறைய அலுமினியத்து மேல செம்பு பூசினது, மேல ரப்பர் மட்டும் தடிமன். கத்தியில சுரண்டினா வெள்ளையா தெரியும். சுத்த செம்புன்னா 8 கேஜ் 50 ஆம்பியருக்கும், 4 கேஜ் 100 ஆம்பியருக்கும் ஓரளவு போதும், பூச்சு வயர்னா ஒரு சைஸ் பெருசா போடணும். பெரிய கெப்பாசிட்டர் டப்பா வாங்கி வைக்கறதுக்கு அந்தக் காசுல நல்ல வயர் வாங்குங்க.

பாக்ஸ்ல 4000 வாட்ஸ்னு போட்டிருக்கே ப்ரோ, எனக்கு சத்தமே வரல.

ப்யூஸ பாருங்க, ப்யூஸ் பொய் சொல்லாது. ஆம்ப் மேல 25 ஆம்பியர் ப்யூஸ் ரெண்டுன்னா மொத்தம் 50, அத 13.8ஆல பெருக்கினா 690 வாட் உள்ள போகுது. கிளாஸ் ஏபி ஆம்ப்னா அதுல பாதி, கொஞ்சம் மேலதான் சவுண்டா வெளிய வரும், மீதி சூடு. கிளாஸ் டின்னா 80 சதவீதம் வரைக்கும் வரும். 30 ஆம்பியர் ப்யூஸ் ஒண்ணு வச்சுக்கினு 4000னு எழுதியிருந்தா அது ஸ்டிக்கர் வாட்ஸ்.

கெயின ஃபுல்லா வச்சாதான் நல்லா அடிக்குது, வைக்கலாமா?

கெயின் சவுண்ட் பட்டன் இல்ல, ஸ்டீரியோ குடுக்கற சிக்னலுக்கு ஆம்ப்ப பொருத்தறது. ஃபுல்லா திருப்பினா அலை மேலயும் கீழயும் வெட்டுப்படும், ஊஃபர் காயில் கருகற வாசனை வரும், முடிஞ்சுது கதை.

ஸ்பீக்கர கழட்டிட்டு, ஈக்வலைசர் எல்லாம் சைபர், பேஸ் பூஸ்ட் ஆஃப், ஸ்டீரியோ சவுண்ட முக்கால்ல வச்சு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டுங்க, ஃபோன்லயே கெடைக்கும். மீட்டர ஏசி வோல்ட்ல வச்சு ஸ்பீக்கர் டெர்மினல்ல பாத்துக்கினே கெயின ஏத்துங்க. எவ்ளோ வோல்ட் வரணும்னா, ஆம்ப்போட உண்மையான வாட்ஸ ஓம்ஸால பெருக்கி வர்க்கமூலம். 4 ஓம்ஸ்ல 100 வாட்னா 20 வோல்ட், 400 வாட்னா 40 வோல்ட். அங்க நிறுத்துங்க.

ரெண்டு 4 ஓம்ஸ் ஊஃபர ஒரே ஆம்ப்ல பிரிட்ஜ் (ரெண்டு சேனலையும் சேத்து ஒண்ணாக்கறது) பண்ணலாமா?

பேரலல்ல கட்டினா 2 ஓம்ஸ் ஆயிடும். ரெண்டு சேனல் ஆம்ப்ப பிரிட்ஜ் பண்ணினா பொதுவா 4 ஓம்ஸ்தான் கடைசி, 2ல கட்டினா ஒவ்வொரு சேனலும் 1 ஓம் இருக்கற மாதிரி கஷ்டப்படும். ஒண்ணு சீரிஸ்ல 8 ஓம்ஸா கட்டுங்க, சவுண்ட் கம்மியாகும் ஆனா ஆம்ப் பொழைக்கும், இல்லன்னா 2 ஓம்ஸ் தாங்கற மோனோ ஆம்ப் வாங்குங்க. மீட்டர்ல பாத்தா 4 ஓம்ஸ் ஊஃபர் 3.2ல இருந்து 3.6 வரைக்கும் காட்டும், அது கோளாறு இல்ல.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடல.

ஆர்சிஏ ரெண்டையும் இடம் வலம் மாத்தி மாட்டுங்க. ஊமை அடுத்த பக்கம் போனா கோளாறு ஸ்டீரியோவுலயோ ஆர்சிஏ கேபிள்லயோ. போகலன்னா ஆர்சிஏவ பழையபடி மாட்டிட்டு, ஆம்ப்ல ஸ்பீக்கர் வயர இடம் வலம் மாத்துங்க, இப்ப ஊமை அடுத்த பக்கம் போனா ஆம்ப் சேனல். எதுக்கும் போகலன்னா அந்த ஸ்பீக்கரோ அதோட வயரோ. ஸ்பீக்கர தனியா பாக்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும், தொட்டா கூம்பு நகந்து "டப்"னு சத்தம் வரும்.

லாரியில ரெண்டு பேட்டரி, 24 வோல்ட். ஒரு பேட்டரில இருந்து மட்டும் 12 எடுத்து ஆம்ப்புக்கு குடுக்கறேன், சரியா?

வாலாஜா பக்கம் லாரிக்காரங்க நெறைய பேரு இப்படித்தான் ஓட்டறாங்க. பாடும், ஆனா ஒரு பேட்டரி மட்டும் எறங்கும், இன்னொன்னு அதிகமா சார்ஜ் ஆயி தண்ணி வத்தும், கடைசில ரெண்டும் சேந்து போகும். 24ல இருந்து 12 ஆக்கற கன்வர்ட்டர் போடுங்க, ஆம்ப் ப்யூஸ விட ஆம்பியர் அதிகமானதா. 12 வோல்ட் ஆம்ப்புக்கு தப்பித்தவறி நேரா 24 குடுத்துட்டா பெரும்பாலும் ரிப்பேர் இல்ல, இரும்புக்கடைதான்.

மழைக்கு அப்புறம் ஆம்ப் வேலை செய்யல. எலி வேற இருக்கு.

சீட்டுக்கு அடியில ஆம்ப் இருந்தா மழை மட்டும் இல்ல, ஏசி தண்ணி போற டியூப் அடைச்சாலும் முன்னாடி கால் வைக்கற எடம் ஊறி ஆம்ப் நனையும். நனைஞ்சதுன்னா ஆன் பண்ணி பாக்கற ஆசைய அடக்கிக்கினு மொதல்ல பேட்டரி மைனஸ கழட்டுங்க. ஆம்ப்ப தெறந்து காய வச்சு, போர்டுல பச்சை படிஞ்சிருந்தா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பிரஷ் போட்டு தேய்ச்சு, நல்லா காஞ்சப்புறம் சீரிஸ் பல்ப் போட்டு ஆன் பண்ணுங்க. எலி கடிச்சா பானெட்டுக்குள்ள மெயின் வயர மொதல்ல பாருங்க, தோல் உரிஞ்ச பிளஸ் வயர் பாடியில பட்டா வண்டியே போயிடும், அதனால அந்த வயருக்கு மேல நெளிவு டியூப் போடறது கட்டாயம்.

கம்பெனி டச் ஸ்க்ரீன்ல ஆர்சிஏ இல்ல, ஆம்ப் போடலாமா?

போடலாம். ஸ்பீக்கர் லைன ஆர்சிஏவா மாத்தற கன்வர்ட்டர் போடுங்க, இல்ல ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் லைனயே நேரா மாட்டற எடம்) இருக்கற ஆம்ப்பா வாங்குங்க. வயர வெட்டி டேப் சுத்த வேணாம், உங்க வண்டிக்கு ஏத்த கப்ளர் கெடைக்கும். வெட்டினா வாரண்டியில பிரச்சனை பண்ணுவாங்க.

எல்லாம் பாத்தாச்சு, ஆம்ப்தான் கோளாறு. ரிப்பேர் பண்ணலாமா, புதுசா வாங்கலாமா?

உள்ள 12 வோல்ட்ட மேல ஏத்தற ஒரு பவர் சப்ளை இருக்கும், பழைய மாடல் நெறையதுல டிஎல்494 ஐசி, பக்கத்துல மாஸ்ஃபெட் வரிசை, ஒரு வளையமான டிரான்ஸ்ஃபார்மர். அந்தப் பக்கம் அவுட்புட் டிரான்சிஸ்டர். மாஸ்ஃபெட் ஒண்ணு போயிருந்தா ஒண்ண மட்டும் மாத்தாதீங்க, அந்த வரிசை மொத்தமும், கூட கேட் ரெசிஸ்டரும் பாத்து மாத்தணும், இல்லன்னா மிச்சம் இருக்கறது சீக்கிரமே போகும். மறுபடி மாட்டறப்ப டிரான்சிஸ்டருக்கு அடியில இருக்கற மைக்கா தாள விட்டுட்டா நேரா பாடியில ஷார்ட். ஐஆர்எஃப்3205 மாதிரி மாஸ்ஃபெட் ஒண்ணு நூறு ரூபாய்க்குள்ளதான், ஆனா டூப்ளிகேட் ஜாஸ்தி. காட்பாடில ரயில் ஏறி சென்ட்ரல்ல எறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல வாங்கினாலும் நம்பிக்கையான கடையா பாத்து வாங்குங்க.

வேலை முடிஞ்சு ஸ்பீக்கர் மாட்டறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி வோல்ட் பாக்கச் சொல்லுங்க, 100 மில்லி வோல்ட்டுக்குள்ள இருக்கணும். வோல்ட் கணக்குல டிசி வந்தா ஊஃபர் காயில் கருகும்.

பேரு தெரிஞ்ச நல்ல ஆம்ப், டிரான்ஸ்ஃபார்மரும் போர்டும் கருகலன்னா கண்டிப்பா ரிப்பேர் பண்ணுங்க. போர்டு தடமே எரிஞ்சு ஓட்டையாயிருந்தா, இல்ல ஐசி பேர சுரண்டி வச்ச ஸ்டிக்கர் வாட்ஸ் ஆம்ப்னா காசு போடாதீங்க. எதுவா இருந்தாலும் திரும்ப கார்ல மாட்டறதுக்கு முன்னாடி எர்த் போல்ட்ட கழட்டி சுரண்டி புது லக் போட்டுட்டு மாட்டுங்க.